அமெரிக்கா போனில் நம்மூர் சிம் ஏன் வேலை செய்யவில்லை? 'லாக்' போட்ட போன்... திறப்பது எப்படி?

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் பெட்டியில் கட்டாயம் இருக்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று சாக்லேட், இன்னொன்று செல்போன். 'நான் புதுசு வாங்கிட்டேன், இதை அம்மா வெச்சுக்கட்டும்' என்று மகனோ மகளோ தாங்கள் பயன்படுத்திய போனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்மாவும் ஆசை ஆசையாக சிம்மை மாற்றிப் போடுவார். வைஃபை வரும், யூடியூப் ஓடும், போட்டோ பளிச்சென்று விழும். ஆனால் ஒரு கால்கூட பேச முடியாது. திரையில் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று ஒரு வரி வந்து நிற்கும்.

பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனால், 'இது லாக் போன்மா. அந்த ஊர் சிம் மட்டும்தான் எடுக்கும்' என்பார் கடைக்காரர். 'ஒரு வாரம் டைம் குடுங்க, அன்லாக் பண்ணித் தர்றேன்' என்று சில ஆயிரங்களையும் கேட்பார். கொடுக்கலாமா? கொடுத்தால் திறக்குமா? நிறைய வீடுகளில் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். யார் பூட்டினார்களோ, அவர்களால்தான் திறக்க முடியும். அவர்கள் திறந்துவிடும்போது அதற்குப் பெரும்பாலும் காசும் கேட்பதில்லை.

எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஏன் பூட்டுகிறார்கள்?

நம்மூரில் போனை ஒரு கடையில் வாங்குவோம், சிம்மை இன்னொரு கடையில் வாங்குவோம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் பழக்கம் வேறு. ஏடி அண்ட் டி, வெரைசான், டி-மொபைல் போன்ற நெட்வொர்க் கம்பெனிகளே போனையும் விற்கின்றன. ஆயிரம் டாலர் போனை 24 மாதம், 36 மாதம் எனத் தவணையில் கொடுத்து, மாதாமாதம் போன் பில்லோடு சேர்த்து வசூலிக்கின்றன. 'எங்களிடம் வந்தால் இவ்வளவு தள்ளுபடி' என்று ஆசை காட்டவும் செய்கின்றன. கடனையும் தள்ளுபடியையும் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் மறுநாளே வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் நஷ்டம் அல்லவா? அதற்காகத்தான் தன் சிம் தவிர வேறு எதுவும் அதில் வேலை செய்யாதபடி போனுக்குள் ஒரு பூட்டைப் போட்டு வைக்கிறது.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 2003-ல் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று ரிலையன்ஸ் கொண்டுவந்த திட்டம் பலருக்கு நினைவிருக்கலாம். அந்த சி.டி.எம்.ஏ போன்களை வேறு நெட்வொர்க்குக்கு மாற்ற முடியாது. 2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது ஏர்டெல், வோடபோன் இரண்டு கம்பெனிகள்தான் விற்றன. 31,000 ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அது லாக் போன்தான். 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோனில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்தது. ஆனாலும் இங்கே பெரும்பாலானோர் ப்ரீபெய்டுக்காரர்கள், போனுக்கு முழுப் பணம் கொடுத்தோ, வங்கி, ஃபைனான்ஸ் கடனிலோ வாங்குகிறவர்கள். அதனால் நெட்வொர்க் பூட்டு இங்கே வேர்விடவில்லை.

பூட்டு எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் அதற்கான அடையாள எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்திய சிம் என்றால் 404 அல்லது 405. அமெரிக்க சிம் என்றால் 310, 311 என்று போகும். அடுத்து வரும் இலக்கங்கள் எந்தக் கம்பெனி என்று சொல்லும். சிம்மைப் போட்டதும் போன் இந்த எண்ணைப் படிக்கிறது. தனக்குச் சொல்லப்பட்ட கம்பெனியின் எண்ணாக இருந்தால் கதவைத் திறக்கும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

பழைய பட்டன் போன்களில் ஒரு ரகசிய எண்ணைத் தட்டினால் பூட்டு திறந்துவிடும். ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் இன்றும் 'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' என்று கேட்கும். கைக்கு வந்த எண்ணையெல்லாம் அதில் போட்டுப் பார்க்காதீர்கள். பல மாடல்களில் குறிப்பிட்ட தடவைக்கு மேல் தப்பாகப் போட்டால், சரியான எண் கிடைத்தாலும் ஏற்காமல் போய்விடும்.

ஐபோனில் கதை வேறு. எந்த போன் பூட்டியது, எது திறந்தது என்ற கணக்கு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. போனை விற்ற நெட்வொர்க் கம்பெனி, 'இந்த எண்ணுள்ள போனைத் திறந்துவிடலாம்' என்று ஆப்பிளுக்குச் சொன்னால்தான் அது திறக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தாலும் அந்த சர்வரில் கை வைக்க முடியாது.

அப்போ கடையில் செய்து தருவது என்ன?

பல கடைகளில் செய்வது ஒரு தந்திரம். காகிதம்போல மெல்லிய ஒரு சிப்பை சிம்முக்கு அடியில் ஒட்டி உள்ளே தள்ளுவார்கள். அந்த சிப், 'நான் அமெரிக்க சிம்தான்' என்று போனிடம் பொய் சொல்லும். போனும் நம்பிவிடும். கடையில் பேசிப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். வீட்டுக்கு வந்து நாலு வாரம் கழித்து சாஃப்ட்வேர் அப்டேட் செய்தாலோ, போனை ரீசெட் செய்தாலோ பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

இப்போது அந்தத் தந்திரத்துக்கும் சிக்கல் வந்துவிட்டது. ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் போடும் ட்ரேயே கிடையாது, எல்லாம் இ-சிம். சிப்பை ஒட்ட இடம் எங்கே இருக்கிறது?

ஆன்லைனில் 'ஐ.எம்.இ.ஐ எண்ணைக் கொடுங்கள், 24 மணி நேரத்தில் அன்லாக்' என்று விளம்பரம் செய்பவர்களிடமும் கவனம் தேவை. பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இதில் உண்டு. யாராவது ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டையோ, கூகுள் பாஸ்வேர்டையோ கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பூட்டைத் திறக்க அந்தப் பாஸ்வேர்டுகள் தேவையே இல்லை.

'அன்லாக் பண்றது சட்டப்படி தப்பாச்சே?'

இப்படி ஒரு பேச்சு உண்டு. அது வந்த கதை சுவாரஸ்யமானது. 2007-ல் முதல் ஐபோன் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி-க்கு மட்டும் என்று வந்தது. சில வாரங்களிலேயே ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் அதைத் திறந்து காட்டினான். திறந்த அந்த போனைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு நிஸான் காரையும் மூன்று புது ஐபோன்களையும் வாங்கிக்கொண்டான்!

அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் போன் அன்லாக்குக்கு முதலில் விலக்கு இருந்தது. 2013 ஜனவரிக்குப் பிறகு வாங்கும் போன்களுக்கு அந்த விலக்கு எடுக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய போனைத் திறந்தால் குற்றமா என்று மக்கள் கொதித்தார்கள். வெள்ளை மாளிகைக்குப் போன மனுவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1-ம் தேதி, அதிபர் ஒபாமா கையெழுத்துடன் புதுச் சட்டம் வந்தது. சொந்தப் போனை வேறு நெட்வொர்க்கில் பயன்படுத்துவதற்காகத் திறப்பது மீண்டும் சட்டப்படி சரி என்றானது. அதே காலகட்டத்தில் பெரிய நெட்வொர்க் கம்பெனிகளும் தங்களுக்குள் ஒரு நடத்தை விதியை ஏற்றுக்கொண்டன. தவணை முடிந்த போனை, கேட்டால் திறந்துவிட வேண்டும். ப்ரீபெய்டு போனை அதிகபட்சம் ஒரு வருடத்தில் திறக்க வேண்டும். இரண்டு வேலை நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் அதில் இருக்கிறது.

மற்ற சில நாடுகள் ஒரு படி மேலே போய்விட்டன. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதுப் போன்களைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து லாக் போன் விற்கத் தடை. ஜப்பானிலும் 2021 அக்டோபர் முதல் இதே நிலைதான். எனவே டொரன்டோ சித்தப்பாவோ, லண்டன் அத்தையோ இதற்குப் பிறகு புதிதாக வாங்கிய போன் என்றால் கவலை குறைவு. அமெரிக்கா போனுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

முறைப்படி திறப்பது எப்படி?

வேலை முழுக்க அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கையில்தான் இருக்கிறது. அவர் செய்ய வேண்டியவை:

1. தவணை பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு டாலர் பாக்கி இருந்தாலும் திறக்க மாட்டார்கள். தள்ளுபடி பல மாதங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தால், முன்கூட்டியே கடனை அடைக்கும்போது மீதித் தள்ளுபடி கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

2. போன் அந்த நெட்வொர்க்கில் குறிப்பிட்ட நாள்கள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு போன் என்றால் ஏடி அண்ட் டி-யில் 60 நாள், டி-மொபைலில் 40 நாள் என்பது வழக்கம். ப்ரீபெய்டில் காலம் இன்னும் நீளும். இந்த விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், கம்பெனியின் இணையதளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. போனில் *#06# என்று டயல் செய்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் வரும். அதைக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் இணையதளத்திலோ, கஸ்டமர் கேரிலோ அன்லாக் கோரிக்கை கொடுக்க வேண்டும். ஏடி அண்ட் டி-யில் இதற்கென தனிப் பக்கமே இருக்கிறது. அவர்களின் வாடிக்கையாளர் அல்லாதவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்ததும் ஒரு மெயில் வரும். 24 மணி நேரத்துக்குள் அதில் இருக்கும் லிங்கைத் தொட்டு உறுதி செய்யாவிட்டால் கோரிக்கை ரத்தாகிவிடும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

4. 'திறந்தாச்சு' என்று தகவல் வந்ததும் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐபோனில் வேறு சிம் கைவசம் இல்லையென்றால், எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டு, போனை அழித்து மீண்டும் செட்டப் செய்தால் பூட்டு விலகும்.

இதையெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர்கள் நெட்வொர்க் கணக்கை மூடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதன்பிறகு இங்கிருந்து அந்தக் கணக்கில் நுழைவதும், அமெரிக்க எண்ணுக்கு வரும் ஓ.டி.பி-யைப் பிடிப்பதும் பெரும்பாடு. முதலில் அன்லாக், பிறகு கணக்கை மூடுவது. இந்த வரிசை மாறக் கூடாது.

பெட்டி பிரிக்காத போன்... கவனம்!

'சீல் பிரிக்காத புதுப் போன், தள்ளுபடியில் கிடைச்சுது' என்று வாங்கி வருகிறவர்கள் உண்டு. சூப்பர் மார்க்கெட்டுகளில் ப்ரீபெய்டு கம்பெனிகளின் பெயரில் மலிவாகத் தொங்கும் போன்கள் இவை. மலிவாக இருப்பதற்குக் காரணமே அந்தப் பூட்டுதான். இத்தனை நாள் அங்கே சேவையில் இருந்தால்தான் திறப்போம் என்பது விதி. ஒரு நாள்கூட அங்கே ஓடாமல் ஊருக்கு வந்துவிட்ட போனுக்கு அந்த நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது. பெட்டி பிரித்துப் பயன்படுத்திய பழைய போன் திறந்துவிடும், புத்தம் புது போன் திறக்காது. வேடிக்கைதான், ஆனால் உண்மை.

பரிசாக வாங்குவதென்றால் 'அன்லாக்டு' என்று எழுதியிருக்கும் போனைத்தான் வாங்கச் சொல்லுங்கள். ஆப்பிள் ஸ்டோரில் வாங்கும்போது 'எந்த நெட்வொர்க்கிலும் பிறகு இணைத்துக்கொள்கிறேன்' என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலை கொஞ்சம் கூடத் தெரியலாம். தலைவலி இல்லை.

திறந்தாலும் பேசுமா?

பூட்டு விலகினால் மட்டும் போதாது. நம்மூர் அலைவரிசையும் அந்தப் போனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜியோ 4ஜி-க்கு 3, 5, 40 என்ற எண்களைக் கொண்ட பேண்டுகள் பயன்படுகின்றன. ஏர்டெல்லும் 40-ஐப் பயன்படுத்துகிறது. ஐபோன், பெரிய கம்பெனிகளின் விலை உயர்ந்த மாடல்களில் இவை இருக்கும். அமெரிக்காவுக்கு மட்டும் என்று செய்யப்பட்ட மலிவு ஆண்ட்ராய்டு போன்களில் சில இல்லாமல் போகலாம். மாடல் நம்பரை இணையத்தில் தேடி, பேண்டு பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, வோல்ட்டி. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. குரல் அழைப்பும் 4ஜி, 5ஜி வழியாகத்தான் போக வேண்டும். சில வெளிநாட்டு ஆண்ட்ராய்டு போன்கள் இன்டர்நெட்டை எடுக்கும், ஜியோ அழைப்பை எடுக்காது. அப்படி இருந்தால் 2ஜி வசதியும் உள்ள வேறு நெட்வொர்க் சிம்மைப் போட்டுப் பாருங்கள். ட்ரே இல்லாத ஐபோனுக்கு ஏர்டெல், ஜியோ, வி.ஐ மூன்றுமே இ-சிம் தருகின்றன. ஸ்டோருக்குப் போனால் அம்மாவின் பழைய எண்ணையே இ-சிம்மாக மாற்றிக் கொடுப்பார்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன்...

பர்மா பஜாரிலோ, தெரிந்தவரிடமோ பழைய போன் வாங்கினால், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

* ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் 'கேரியர் லாக்' என்ற வரி இருக்கும். எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை.

* உங்கள் சிம்மோடு, வேறு கம்பெனி சிம் ஒன்றையும் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். வைஃபையில் வீடியோ ஓடுவதைக் காட்டினால் நம்ப வேண்டாம். சிம் ட்ரேயைக் கழற்றி, அடியில் சிப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

* போனை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடியையோ, கூகுள் கணக்கையோ கேட்டு நின்றால் அது வேறு பூட்டு. அதை நெட்வொர்க் கம்பெனியால் திறக்க முடியாது, பழைய உரிமையாளர்தான் எடுத்துவிட வேண்டும்.

* கே.ஒய்.எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஐ.எம்.இ.ஐ எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் இந்தச் சேவை, அந்த எண் முறையானதா, முடக்கப்பட்டதா என்று சொல்லிவிடும். சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம்.

இங்கேயே நெட்வொர்க் மாறுகிறவர்களுக்கு...

'நான் ஏர்டெல்லில் இருந்து ஜியோவுக்கு மாறணும், போனை அன்லாக் பண்ணணுமா?' என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியாவில் வாங்கிய சாதாரண ஸ்மார்ட்போன் என்றால் வேண்டாம். எண்ணை மட்டும் போர்ட் செய்தால் போதும். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது.

போர்ட் என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். நம்மூரில் அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புது கம்பெனியின் கடைக்கு ஆதாரோடு போக வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறினால் மூன்று வேலை நாள், வேறு மாநில வட்டத்து எண் என்றால் ஐந்து வேலை நாள் ஆகும்.

குறியீடு வரவில்லையா? தற்போதைய நெட்வொர்க்கில் 90 நாள் ஆகியிருக்காது, அல்லது போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருக்கும். தொலைந்த சிம்முக்குப் பதில் புது சிம் வாங்கி ஏழு நாள் ஆகாவிட்டாலும் வராது. எண் திருட்டைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் வந்த விதி இது. ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பேலன்ஸ் புது நெட்வொர்க்குக்கு வராது என்பதால், ரீசார்ஜ் முடியும் சமயமாகப் பார்த்து மாறுவது லாபம். எண் மாறும் அன்று கொஞ்ச நேரம் சிக்னல் இருக்காது, வங்கி ஓ.டி.பி-யும் வராது. கரண்ட் பில், எல்.ஐ.சி பிரீமியம் போன்றவற்றை முந்தின நாளே கட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு லாக் போன் அலமாரியில் தூங்குகிறதா? தூக்கி எறியவோ, கடையில் பணம் கட்டவோ அவசரப்படாதீர்கள். அதன் ஐ.எம்.இ.ஐ எண்ணைக் குறித்து, இன்று ராத்திரி வாட்ஸ்அப் காலில் பேசும்போது பிள்ளையிடம் கொடுங்கள். 'தவணையெல்லாம் முடிஞ்சுதாப்பா, அன்லாக் கேட்டுப் பாரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தவணை முடிந்து, நாள் கணக்கும் சரியாக இருந்தால் போனை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. அங்கிருந்து ஒரு கோரிக்கை, இங்கே வைஃபையில் ஒரு ரீசெட். பூட்டு தானே திறந்துவிடும்.